ஏழாம் லைனுக்கு ஒரு மேசை

நிரோஜா அன்று காலை பத்து மணிக்குள் இருநூறு காற்சட்டைகளுக்குப் பொக்கற் வைத்து முடித்திருந்தாள். அதோடு மூன்று கோப்பை சூப்பும் குடித்திருந்தாள். பொக்கற் கையால் வைத்தது, சூப் மனதால் குடித்தது. இரண்டுக்கும் அவளுக்கு நேரம் போதவில்லை.

அயன் பண்ணும் பக்கமிருந்து நீராவி கிளம்பி, குழல் விளக்குகளுக்குக் கீழே மெல்ல அசைந்து, ஏழாம் லைனின் தலைகளுக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அது சூப்பின் ஆவியாகவே பட்டது. பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு மெஷின்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான நீலக் காற்சட்டைகள் ஒரு தலைப்பில் துண்டுகளாகத் தொடங்கி மறுதலைப்பில் முழுசாக வந்து விழுந்தன. லைன் லாடம் போல வளைந்து போவதால், முன்னுக்கு இருக்கும் நிரோஜாவும் கடைசி மெஷினில் இருக்கும் சிவனேஸ்வரியும் எதிரெதிரே இருந்தார்கள்.

"அக்கா, நண்டுச் சூப்போ, கோழிச் சூப்போ?"

"முதல்ல பொக்கற்றை நேரா வையடி. சூப்பைப் பிறகு குடிக்கலாம்" என்றாள் சிவனேஸ்வரி, தலை நிமிராமல்.

"வெள்ளிக்கிழமை எண்டபடியால் உங்களுக்குச் சோளச் சூப்தான். நான் எழுதிட்டன்."

"எழுதிப்போட்டாளாம். இன்னும் வெல்லவே இல்லை, அதுக்குள்ள இவள் கோப்பை கழுவுறாள்."

மெஷின் சத்தத்துக்குள் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு மாதமாக ஏழாம் லைனில் அடிக்கடி கேட்டது. மாதத் தொடக்கத்தில் மனேஜர் காலைக் கூட்டத்தில் ஒரு அறிவிப்புச் சொல்லியிருந்தார். இந்த மாதம் ஒரே நாளில் ஆகக் கூடுதலாகத் தைத்துக் கொடுக்கும் லைனுக்கு, மாதம் முடிந்து வரும் வெள்ளிக்கிழமை வவுனியாவில் ஒரு நல்ல சைனீஸ் கடையில் விருந்து. பஸ் கம்பனியுடையது. எந்தக் கடை என்பதை லைனே தெரிவு செய்யலாம்.

விருந்தைவிட அந்தக் கடைசிச் சொல்தான் அவர்களைப் பிடித்துக்கொண்டது. அவர்களிடம் யாரும் எதையும் தெரிவு செய்யச் சொன்னதில்லை. தைக்கிற நூலின் நிறம் மேலிருந்து வரும். மீள்குடியேற்றத்தில் கிடைத்த காணி சீட்டுக் குலுக்கலில் வந்தது. நிரோஜாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளைகூட மாமா தெரிவு செய்ததுதான். இப்போது ஒரு முழுக் கடையை, அதன் மேசை கதிரை சூப் எல்லாவற்றோடும் சேர்த்து, தெரிவு செய்யலாமாம். கடவுளே, எங்கே போய்த் தொடங்குவது!

தொடங்கியது பஸ்ஸில்தான். செட்டிகுளத்திலிருந்து கம்பனி பஸ் விடிய ஐந்தே முக்காலுக்கு வெளிக்கிடும். வயல்களின் மேல் பனிமூட்டம் இடுப்பளவுக்கு நிற்கும். அதற்குள்ளிருந்து கொக்குகள் வெளியே வரும், பிறகு காணாமல் போகும். பூவரசங்குளம் வரைக்கும் எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நித்திரை. முன்பென்றால் தொழிற்சாலை வாசலில்தான் கண் விழிப்பார்கள். இந்த மாதம் பம்பைமடு தாண்டியதுமே தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. குருமன்காட்டுப் பக்கம் வந்ததும், நகரம் தொடங்குவதற்கு முன்னால், மூன்று கடைகள் வரும்.

முதலாவது ட்ராகன் ஹவுஸ். வாசலில் வாயைப் பிளந்த இரண்டு சீமெந்துச் சிங்கங்கள். இரண்டாவது சியாம் கார்டன், மூங்கில் வேலியும் மஞ்சள் விளக்கும். மூன்றாவது மூன்லைட், சைனீஸ் அன் ஏசியன். அதன் பெயர்ப்பலகையை இரவில் நிற்பாட்ட மறந்துவிடுவார்கள் போல. விடியற்பனிக்குள் அந்தப் பலகை மட்டும் வெள்ளையாக எரிந்துகொண்டிருக்கும், கீழே கடையே இல்லாத மாதிரி.

நிரோஜாவின் போன் சீற் சீற்றாகப் போகும். அதில் மூன்று கடைகளின் படங்களும் இருந்தன. தொழிற்சாலைக்குள் போனை லொக்கரில் வைத்துவிட வேண்டும் என்பதால், பார்க்கக்கூடியதை எல்லாம் பஸ்ஸிலேயே பார்த்து மனதில் பதித்துக்கொண்டு இறங்குவார்கள். அன்று முழுக்க அதுதான் தைக்கிற கைகளுக்குள் ஓடும். ஹொட் பட்டர் கணவாய், நசி கொரெங், மொங்கோலியன் ரைஸ், தொம் யம் சூப். பெயர்களைச் சொல்லிப் பார்ப்பதிலேயே ஒரு ருசி இருந்தது.

றுக்ஷானா மட்டும் போனை வாங்கி, பார்க்காமலே அடுத்த சீற்றுக்குக் கொடுத்துவிடுவாள். அவள் உள்கால் தையல் போடுகிறவள், லைனில் ஆறாவது மெஷின்.

"நீங்கள் போய்ட்டு வாங்கோ. நான் அண்டைக்கு நேரத்துக்கு வீட்டை போறன்."

"ஏன்?"

"சும்மாதான்."

ஏன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹலால் இல்லாத இடத்தில் அவள் தண்ணீரும் குடிக்கமாட்டாள். தனக்காகப் பதினொரு பேரின் ஆசையைக் குழப்பவும் மாட்டாள். தனக்கு லைன் ஏற்கெனவே செய்வதே போதும் என்று நினைக்கிறவள் அவள்.

லைன் செய்வது இதுதான். றுக்ஷானாவின் மகள் ஸுல்பாவுக்கு ஐந்து வயது. பிறந்தபோதே கால்கள் இரண்டும் இறுகிப்போன பிள்ளை. ஒவ்வொரு புதன்கிழமையும் ஆஸ்பத்திரியில் பயிற்சி. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தி, கம்பியைப் பிடித்து நடக்கப் பழக்குவார்கள். மூன்று வருடமாகப் போய், இந்த வருடம்தான் பிள்ளை கம்பியைப் பிடித்துத் தானாக அடி வைக்கத் தொடங்கியிருந்தது. கணவன் சிறாஜ் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓடுகிறவன், கிழமையில் இரண்டு நாள்தான் வீட்டில். மாமி சரீபா பிள்ளையை பஸ்ஸில் கொண்டுவந்து தொழிற்சாலை வாசல்வரை சேர்ப்பாள். அதற்கு மேல் தூக்க அவளுக்கு ஏலாது. புதன் பத்தரைக்கு றுக்ஷானா கேட் பாஸ் எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையை வாங்குவாள்.

ஒருத்தி அரைநாள் இல்லாவிட்டால், மற்றவர்கள் மாறி மாறி அவளுடைய மெஷினைப் பார்த்தாலும் லைனில் அறுபது காற்சட்டை குறையும். இலக்கு எண்ணூறு. இலக்கு குறைந்தால் கேட் பாஸ் இல்லை. இதற்கு சிவனேஸ்வரி கண்டுபிடித்த வழிக்கு லைனில் 'முடிச்சு' என்று பெயர். வியாழன் தொடங்கி ஒவ்வொரு நாளும் எண்ணூற்றுப் பதினைந்து தைப்பார்கள், எண்ணூறுதான் எண்ணிக்கைக்குப் போகும். மிச்சப் பதினைந்தையும் சிவனேஸ்வரி ஒரு பழைய துணியில் முடிந்து, தன் மெஷினுக்குக் கீழே வெட்டுத்துண்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய். புதனுக்குள் அறுபது. புதன் பின்னேரம் முடிச்சு அவிழும், பலகையில் வழமை போல எண்ணூறு விழும். சுப்பவைசர் தயாபரன் அந்த நேரத்தில் எப்போதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான். அவன் நல்லவன்தான், சுப்பவைசராக இருக்கக்கூடிய அளவுக்கு.

றுக்ஷானா வரமாட்டாள் என்றதும் நிரோஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இவ்வளவு கடை இருக்கு, இவளுக்குச் சமைக்க ஒரு தாச்சி கிடைக்காதாமோ? அக்கா, ஞாயிறு போய்ப் பாத்துட்டு வருவம். வாங்கோ."

"எனக்குத் தோய்க்கிற உடுப்பு குவிஞ்சு கிடக்கு."

"உடுப்பு எங்கையும் ஓடாது."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரிச் சீலை உடுத்துக்கொண்டு வவுனியா பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ட்ராகன் ஹவுஸில் தடித்த மட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். நிரோஜா விரலை வைத்து வைத்து வாசித்தாள். நாலாம் பக்கத்தில் பன்றி இறைச்சி வந்தது.

"எல்லாத்தையும் ஒரே தாச்சியிலயோ சமைக்கிறியள்?" என்று சிவனேஸ்வரி பரிமாறுகிறவனைக் கேட்டாள்.

"கழுவிப்போட்டுத்தான் அம்மா சமைக்கிறது."

"கழுவினாலும் தாச்சி அதுதானே தம்பி."

அவர்கள் ஆளுக்கொரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு எழும்பினார்கள்.

சியாம் கார்டனில் குளிர் எலும்பில் பிடித்தது. கதிரைகள் மெத்தையாக இருந்தன. நிரோஜாவுக்கு எழும்ப மனமில்லை. மரக்கறி இருக்கிறதா என்று கேட்டதற்கு, "இருக்கு மேடம். மீன் சோஸ் மட்டும் கொஞ்சம் விடுவம்" என்றான் அங்கிருந்தவன்.

"மீனை விட்டால் அதுக்குப் பேர் மரக்கறியோ?"

"அது இல்லாட்டி ருசி வராது மேடம்."

"ருசி வேண்டாம். எனக்கு வெள்ளிக்கிழமைதான் வேணும்" என்று சொல்லிவிட்டு சிவனேஸ்வரி வெளியே வந்தாள். வெயிலில் நின்று நிரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்லைட்டில் ஆளே இல்லை. காசாளர் மேசையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் கணக்குக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலாளி இஸ்ஸதீன். அவருக்கு மேலே சுவரில் ஹலால் சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்துக்குள். சிவனேஸ்வரி அதை அண்ணாந்து முழுக்க வாசித்தாள், முத்திரை உட்பட. பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மரக்கறிக்கு வேற தாச்சி இருக்கோ?"

அவர் உள்ளே கூப்பிட்டார். சிவப்புத் தொப்பி வைத்த ஒரு மெலிந்த மனிதர் இரண்டு கைகளிலும் இரண்டு கரித் தாச்சிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இந்தா பாருங்கம்மா. கைப்பிடியில பச்சைக் கம்பி சுத்தினது மரக்கறிக்கு. இதுல ஒரு முட்டைகூட உடைச்சதில்ல."

"சைனாக்காரர் இல்லையோ சமையலுக்கு?" என்றாள் நிரோஜா.

"நான்தாங்க சைனாக்காரன். பேரு கணபதி. பொறந்தது நுவரெலியாப் பக்கம், வளந்தது செட்டிகுளம், சைனாக்காரனானது கட்டார்ல."

"எங்கம்மாவும் அந்தப் பக்கந்தாங்க!" என்றாள் நிரோஜா. அவளுக்கே தெரியாமல் வீட்டில் பேசும் மலைநாட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டது.

அப்போதுதான் அவள் அந்த மேசையைக் கண்டாள். கடையின் மூலையில் பெரிய வட்ட மேசை. அதன் மேல் இன்னொரு கண்ணாடி வட்டம். கணபதி ஒரு விரலால் தட்டினார். கண்ணாடி சத்தமில்லாமல் சுழன்றது. நடுவில் இருந்த சோஸ் போத்தலும் மிளகுக் குப்பியும் ஒரு சுற்றுப் போய், திரும்ப அவள் முன்னால் வந்து நின்றன.

"சாப்பாட்ட இதுக்கு மேல வச்சிருவோம். யாரும் யாருகிட்டயும் கேக்க வேணாம். சும்மா இருந்தா போதும், எல்லாம் உங்ககிட்ட வரும்."

"எத்தினை பேர் இருக்கலாம்?"

"பத்துப் பேரு. நீங்க எத்தனை பேரு?"

"பன்னிரண்டு."

"கதிரையை நெருக்கிப் போட்டுருவோம்."

நிரோஜா அதைப் போனில் வீடியோப் படமாக எடுத்தாள். திங்கட்கிழமை பஸ்ஸில் அந்தப் படம் சீற் சீற்றாகப் போனது. வெளியே பனி, உள்ளே ஒரு வெறும் கண்ணாடி வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. றுக்ஷானாவிடம் போன் வந்தபோது அவள் அதைக் கொடுக்கவில்லை. மூன்று தரம் பார்த்தாள்.

"தாச்சி வேற வேறயோ?"

"வேற வேற. நான் கண்ணால கண்டனான்" என்றாள் சிவனேஸ்வரி. "முதலாளி உங்கட ஆள். பின்னறையில தொழுறதுக்கும் இடம் இருக்காம். அதையும் கேட்டுக்கொண்டுதான் வந்தனான்."

றுக்ஷானா கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். மூன்லைட்டின் வெள்ளைப் பலகை வந்து, பின்னால் போனது.

"அப்ப வாறன்" என்றாள். பஸ்ஸே கை தட்டியது. நித்திரையில் இருந்த நாலாம் லைன்காரிகள் என்ன ஏது என்று தெரியாமல் முழித்தார்கள்.

கடை தெரிவாகிவிட்டது. இனி வெல்ல வேண்டியதுதான் மிச்சம். மாதத்தின் கடைசி வேலைநாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அதுவரையில் நாலாம் லைன் எண்ணூற்று நாற்பத்தெட்டோடு முன்னுக்கு நின்றது. ஏழாம் லைன் அன்று தேத்தண்ணிக்கும் எழும்பவில்லை. மத்தியானச் சோற்றைப் பாதி பேர் மூடியே வைத்தார்கள். நிரோஜாவின் சுட்டுவிரலில் ஊசி ஏறியது. அவள் அதில் வெட்டுத்துண்டொன்றைச் சுற்றிக்கொண்டு தைத்தாள். சங்கு ஊத ஐந்து நிமிடம் இருக்கையில் சிவனேஸ்வரி எண்ணிப் பார்த்தாள். எண்ணூற்று இருபத்தாறு.

கால்களுக்குக் கீழே வெட்டுத்துண்டுப் பெட்டிக்குள், அன்று காலையில் ஒதுக்கிய பதினைந்தோடு சேர்த்து, அறுபது காற்சட்டைகள் இருந்தன என்பது பன்னிரண்டு பேருக்கும் தெரியும். ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

"எடுங்கோ அக்கா" என்றாள் றுக்ஷானா.

"விசர்க் கதை கதையாதை. நாளைக்குப் புதன்."

"தெரியும்."

"பிள்ளையை விடக்கூடாது எண்டு ஆஸ்பத்திரியில சொன்னவையெல்லோ. விட்டால் கால் மறந்துபோகும் எண்டு நீதானே சொன்னனீ."

"ஒரு புதன்தானே அக்கா. நான் வீட்டில பிடிச்சு நடத்துறன். மூண்டு வருசமா நீங்கள் எல்லாரும் எனக்காகச் சேர்த்தியள். எனக்கும் உங்களோட ஒருநாள் இருந்து சாப்பிட ஆசையாக் கிடக்கு." அவள் மெஷினை நிறுத்தினாள். "எடுங்கோ. நேரம் போகுது."

சிவனேஸ்வரி இன்னும் கையை மடியில்தான் வைத்திருந்தாள். றுக்ஷானா தானே எழும்பிப் போய்க் குனிந்து, பெட்டிக்குள்ளிருந்து முடிச்சை இழுத்து அவிழ்த்தாள். நீலக் காற்சட்டைகள் எண்ணிக்கை மேசையில் சரிந்தன. எண்ணூற்று எண்பத்தாறு. சங்கு ஊதியது. நிரோஜா ஊசி ஏறிய விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூத்தாடினாள்.

தயாபரன் பலகையில் எண்ணை எழுதினான். கடைசி ஆறைப் போடுவதற்கு முன் அவன் கை கொஞ்சம் நின்றது. எழுதி முடித்துவிட்டு சிவனேஸ்வரியிடம் மெல்ல வந்தான்.

"ஏனக்கா இதை வெளியில எடுத்தனீங்கள்?"

"சாப்பாட்டுக்குத்தான் தம்பி."

"மேல இருக்கிறவை இனி இதைத்தான் பாப்பினம்."

"பாக்கட்டுமன். நாங்கள் களவே எடுத்தனாங்கள்?"

அவன் பலகைப் பக்கம் போனான். பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க யாருக்கு மனம் வரும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் லொக்கர் அறையில் ஒரே மல்லிகையும் பவுடரும். ஐந்தரைக்கு மூன்லைட்டின் முன்னால் பஸ் நின்றது. வெயில் மஞ்சளாக இறங்கி, கண்ணாடிக் கதவில் பட்டு, அவர்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பியது. பன்னிரண்டு கதிரைகளும் நெருக்கிப் போடப்பட்டிருந்தன. தோளோடு தோள் இடிக்க இருந்தார்கள். தைக்கிறபோது ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துத்தான் பழக்கம். இப்போது எல்லோருடைய முகமும் எல்லோருக்கும் தெரிந்தது. அதுவே கொஞ்ச நேரம் கூச்சமாக இருந்தது.

பிறகு சாப்பாடு வந்தது. நிரோஜா ஒரு மாதமாகக் குடித்த சூப் உண்மையிலேயே வந்தது. அதைவிடச் சூடாக இருந்ததால் நாக்கைச் சுட்டுக்கொண்டாள். சிவனேஸ்வரிக்குப் பச்சைக் கம்பித் தாச்சியில் செய்த காளானைக் கணபதி தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். கண்ணாடி வட்டம் மெல்லச் சுற்றியது. மஞ்சள் சோறு போனது, சிவப்புக் கோழி வந்தது, பொரித்த கணவாய் வந்தது. ஆவி எழுந்து விளக்கைச் சுற்றியது. ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. ஒருவரும் எழும்பிப் போய் எடுக்கவில்லை. சும்மா இருந்தார்கள். எல்லாம் அவர்களிடம் வந்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் றுக்ஷானா பின்னறைக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தாள். வந்தபோது அவளுடைய கோப்பையை யாரோ நிரப்பி வைத்திருந்தார்கள். முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னடி?"

"ஒண்டுமில்ல அக்கா. சந்தோசமா இருக்கு." சொல்லிவிட்டு வெட்கப்பட்டு, கணவாய்த் துண்டுகள் நாலைத் தாளில் மடித்து மகளுக்கென்று பையில் வைத்தாள். கணபதி அதைக் கண்டுவிட்டு உள்ளே போய், ஒரு முழுப் பெட்டி நிறையச் சோறு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஐஸ்கிறீம் வந்த நேரம் மனேஜர் வந்தார். எல்லோரோடும் நின்று படம் எடுத்தார். பிறகு ஒரு கையை மேசையின் கண்ணாடி வட்டத்தில் ஊன்றிக்கொண்டு பேசினார். ஏழாம் லைன் கம்பனிக்கே பெருமை என்றார். எண்ணூறோடு இவர்கள் நின்றது தங்கள் திறமை தங்களுக்கே தெரியாதபடியால்தான் என்றார். இப்போது தெரிந்துவிட்டது. அதனால் திங்கள் முதல் ஏழாம் லைனுக்கு இலக்கு எண்ணூற்று எண்பது.

அவர்கள் கை தட்டினார்கள். அவர் பேசி முடித்தால் கை தட்டித்தான் பழக்கம். அவர் கை எடுத்ததும் கண்ணாடி வட்டம் தானாக அசைந்து, வெறுங்கோப்பைகளை ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுபோனது. சிவனேஸ்வரி ஐஸ்கிறீமை அப்படியே வைத்துவிட்டாள். அது கரைந்து தண்ணியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் றுக்ஷானாவுக்குப் பக்கத்தில் சிவனேஸ்வரி இருந்தாள். பம்பைமடுத் தாண்டிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"நான்தானடி பிள்ளை கெடுத்தனான். நீ எடு எண்டாலும் நான் விட்டிருக்கக் கூடாது."

"விடுங்கோ அக்கா. அல்லாஹ் ஒரு வழி காட்டுவான்" என்றாள் றுக்ஷானா. மடியில் இருந்த சாப்பாட்டுப் பெட்டி இன்னும் சூடாக இருந்தது.

திங்கட்கிழமை எண்ணூற்று முப்பத்தொன்று தைத்தார்கள். செவ்வாய் எண்ணூற்று முப்பத்தாறு. இரண்டு நாளும் பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம் விழுந்தது. முடிச்சுத் துணி வெறுமையாக, நாலாய் மடித்தபடி பெட்டிக்குள் கிடந்தது. செவ்வாய் பின்னேரம் றுக்ஷானா தயாபரனைக் கேட்டாள்.

"நாளைக்குப் புதன், சேர்."

"பாப்பம்" என்றான் அவன்.

பாப்பம் என்றால் இல்லை என்றும் அர்த்தம் இல்லையே. அவள் மாமியிடம், வழமை போலப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். போன கிழமை விட்டதற்கே பிள்ளை ஞாயிறு முழுக்கக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "உம்மா, கம்பிக்கு எப்ப போறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

புதன் காலையில் லைன் தலை நிமிராமல் தைத்தது. நிரோஜா சூப் எதையும் குடிக்கவில்லை. பத்தேகாலுக்குச் சிவனேஸ்வரி எண்ணினாள். அறுபது முன்னுக்கு நின்றால்தான் இன்று ஒரு மெஷின் நிற்கலாம். அவர்கள் முப்பது பின்னுக்கு நின்றார்கள்.

பத்தரைக்குத் தயாபரன் வந்தான். றுக்ஷானா மெஷினை நிறுத்திவிட்டு எழும்பி நின்றாள்.

"ஏலாதக்கா. எண்ணூற்று எண்பது வராமல் ஒருத்தரையும் விடக்கூடாதாம். நான் கேட்டனான். உண்மையாக் கேட்டனான்."

"பிள்ளை வாசலில நிக்குது சேர்."

"தெரியும்."

"நான் வேணுமெண்டால் சாப்பாட்டு நேரமும் தைக்கிறன். பின்னேரம் நிண்டும் தைக்கிறன்."

"அதுக்கும் சேத்துத்தானக்கா அந்த எண்ணைப் போட்டிருக்கினம்."

சிவனேஸ்வரி எழும்பி வந்து, "நீங்கள் மற்றப் பக்கம் திரும்பி நில்லுங்கோ தம்பி, நான் இவளின்ர மெஷினையும் பாக்கிறன்" என்றாள்.

"இப்ப திரும்பினாலும் பலகை இருக்கக்கா."

றுக்ஷானா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் காற்சட்டைகள் குவியத் தொடங்கின. ஏழாவது மெஷின்காரி வெறுங்கையோடு காத்திருந்தாள். கடைசியில் றுக்ஷானா தன் கதிரையில் அமர்ந்தாள்.

அவள் இருக்கும் இடத்திலிருந்து, காற்றாடி பொருத்திய யன்னலால் வாசல் தெரியும். காற்றாடியின் இலைகளுக்குள்ளால் துண்டு துண்டாகத் தெரியும். வெள்ளைக் கேட்டுக்கு வெளியே சரீபா சீமெந்துத் திண்டில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். ஸுல்பாவுக்கு ஆஸ்பத்திரிச் சப்பாத்து மாட்டியிருந்தது. காவலாளி பரமலிங்கம் தன் கதிரையைத் தூக்கி வெளியே கொண்டுபோய் வைத்தார். பிள்ளை அதில் இருக்கவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றது.

றுக்ஷானா இரண்டு சின்னக் கால்களைச் சேர்த்து ஊசிக்குக் கீழே வைத்தாள். தையல் ஓடியது. அடுத்ததை எடுத்தாள்.

வெளியே ஸுல்பா ஒரு கையை விட்டு அடுத்த கம்பியைப் பிடித்தாள். ஒரு கால் நகர்ந்தது. பிறகு மற்றக் கால். கேட்டுக்கு உள்ளே திரும்ப வந்து நின்ற பரமலிங்கம் குனிந்து ஒவ்வொரு அடிக்கும் ஏதோ சொல்வது தெரிந்தது. எண்ணுகிறார் போல. எட்டாவது கம்பியோடு கேட் முடிந்து சுவர் தொடங்கியது. பிள்ளை அந்த இடத்தில் நின்று கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தது. பிறகு கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, வந்த பக்கமே திரும்ப நடக்கத் தொடங்கியது.